முப்பத்தாறு புள்ளிகள்

வெள்ளவத்தை ஸ்டேஷனில்
ஏழு இருபது ரயிலுக்கு முன்னமே
மின்னஞ்சல் வந்துவிட்டது.
"அன்புள்ள சான்றிதழாளரே."
இப்படி அன்பாய்த் தொடங்குகிறவர்கள்
காசில்தான் முடிப்பார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் எழுதிய பரீட்சை.
பம்பலப்பிட்டியில் மூன்றாம் மாடி,
கைப்பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள்.
கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.
எனக்கு அது பழகிய காரியம்.
அந்த வருடம் புறக்கோட்டைக்கும் தெஹிவளைக்கும் இடையில்
ஒரு நாளைக்கு மூன்று தரம்
கவிழ்த்துக் காட்டியிருக்கிறேன்.

சான்றிதழின் கீழ்மூலையில்
காலாவதித் திகதி என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.
ஆயுளுக்கும் செல்லும் என்று பொருள்.
வீட்டு ஒப்பந்தம் பதினொரு மாதம்,
பொலிஸ் பதிவு அவர்கள் கேட்கும்வரை.
என் கோப்பில்
திகதி இல்லாத ஒரே கடதாசி அதுதான்.

இப்போது கோட்டை அழித்து
மார்ச் முப்பத்தொன்று என்று போட்டிருக்கிறார்கள்.
பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை
முப்பத்தாறு புள்ளிகள்,
இல்லாவிட்டால் முதலிலிருந்து பரீட்சை.
டொலரில்.

"கேஸ் கியூவுல கூட டோக்கன்தான் குடுத்தாங்க,
புள்ளி கேக்கல" என்றாள் ரிஸ்மியா,
சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தபடி.

உண்மையைச் சொன்னால்
அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.
அன்று நான் பாடமாக்கிய கருவிகள்
இன்று பஞ்சிகாவத்தையில் கிலோக் கணக்கில் போகின்றன.
அன்று சரியென்று எழுதிய விடைகளில் பாதியை
இன்று ஒரு பயிலுநர் எழுதினால்
நானே சிவப்பில் வெட்டுவேன்.

ஆனாலும் அட்டவணையைத் திறந்து பார்த்தேன்.
இணைய விரிவுரை, மணிக்கு ஒன்று.
அவர்கள் விற்கும் புத்தகத்தை வாசித்தால் ஐந்து.
லாஸ் வேகாஸ் மாநாட்டுக்குப் போய்
கழுத்தில் அட்டை தொங்கவிட்டால் பதினைந்து.

நான் தேடியது வேறொரு வரி.
கறன்ட் பதின்மூன்று மணிநேரம் போன அந்த மார்ச்சில்
ஜெனரேற்றரில் அரைமணி டீசல் மிச்சமிருக்க
டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
எந்த சேர்வரை அணைப்பது
எதை விட்டுவைப்பது என்று
ஒவ்வொரு கறுப்புப் பெட்டியாய்த் தொட்டுத் தொட்டுப் போனேனே,
காலையில் ஆஸ்பத்திரிக்காரரின் சம்பளம் விழவேண்டும் என்று,
அந்த இரவுக்கு எத்தனை?

"ஏனையவை" என்ற வரியில் போடலாமாம்.
உச்சம் இரண்டு புள்ளி.
மேலதிகாரியின் சாட்சிக் கடிதம் அவசியம்.
மேலதிகாரி ருவன்த
இப்போது பேர்த்தில் லொறி ஓட்டுகிறார்.
குறுஞ்செய்தி போட்டேன்.
பெருவிரலை உயர்த்திக் காட்டினார், கடிதம் வரவில்லை.

இரவு ஒன்பதுக்கு முதல் விரிவுரை.
மடிக்கணினியை மேசை ஓரத்தில் வைத்து
நாளைய சட்டையை அயன் பண்ணுகிறேன்.
யாரோ ஒருவன், குளிர்நாட்டுக் குரலில்,
நான் தினமும் செய்வதை எனக்கு விளக்குகிறான்.
கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது
அவன் வாய் மட்டும் அசைகிறது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
திரையில் ஒரு பெட்டி எழும்புகிறது.
"இன்னும் இருக்கிறீர்களா?"
அமத்தாவிட்டால் புள்ளி இல்லை.

ரொறன்ரோ மச்சாள் கேட்கிறவள் இதே கேள்வியை,
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும்.
இன்னும் அங்கேயோ இருக்கிறாய்?
அவளுக்குச் சிரித்து மழுப்புவேன்.
இங்கே மழுப்ப இடமில்லை.
அயனை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிப்போய்
ஆம் என்பதை அமத்துகிறேன்.

ஆறாவது தரம் ஓடியபோது
அயனை நிமிர்த்த மறந்துவிட்டேன்.
இடது கையில் பழுப்பாய் ஒரு முக்கோணம்.

இன்றைக்கு ஒன்று.
இன்னும் முப்பத்தைந்து.
நாளைக்கு வேறு சட்டை.